கடையாலுமூடு ஸ்டேஷனில் என் துப்பாக்கி

தேர்தல் முடிந்து ஐம்பத்தாறு நாள்.
ரைட்டர் மூன்று தடவை போன் போட்டுவிட்டார்:
"ஓய், உம்ம சாதனத்தை எடுத்துட்டுப் போவும்.
இங்க எலிதான் காவல் இருக்கு."
மழை என்றேன். பால்வெட்டு என்றேன்.
நேற்று, பஸ் இல்லை என்றேன்.

ஒற்றைக் குழல். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ்.
மரச்சீனி முழுவதையும் பன்னி புரட்டிப்போட்ட வருஷம்
ஏழு மாசம் நடந்து வாங்கியது.
பன்னிக்கு வாங்கியதைக்
கரடிக்காகச் சுமக்க ஆரம்பித்தது
மச்சான் யோவேலின் முகத்தை
ஆஸ்பத்திரியில் தைத்துக் கொண்டுவந்த பிறகு.
அறுபத்திரண்டு தையல்.
கஞ்சி குடித்தால் இடது கடைவாயில் வழியும்.
அவருக்குத் தெரியாது. அக்கா துடைத்துவிடுவாள்.

ஆகவே என்னைக் குற்றம் சொல்ல முடியாது,
கார்த்திகையில், பத்துகாணி மேட்டில், காலை மூன்றரைக்கு,
என் விளக்கில் சார்ஜ் இறங்கிய நேரத்தில்,
கீழ்வரிசை ரப்பர் மூட்டில்
ஒரு கண் மினுங்கியதும் நான் நின்றதற்கு.
ஒரு கண்தான்.
பக்கவாட்டில் நிற்கிறது என்று நினைத்தேன்.
தரையை ஒட்டி அசைந்தது. உறுமியது.
உறுமியது என்றுதான் காது இன்றும் சாதிக்கிறது.
நேரே பிடித்து
இழுத்தேன்.

டிக்.

ஐப்பசி மழையில் ஈரம் குடித்த தோட்டா.

கண் மெல்ல உயர்ந்தது, மனுஷி உயரத்துக்கு.
இருமியது, துப்பியது, பிறகு கேட்டது:
"யாரு, கிளாரன்ஸா? கத்தி ஒடிஞ்சு போச்சா?"

தங்கநேசம். அடுத்த விளைக்காரி.
குனிந்து அடிப்பட்டை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.
"ஆமா" என்றேன்.

மறுநாள் தன் பழைய கத்தியைக்
காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
"வச்சுக்கும். எனக்கு வேற இருக்கு."
வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய.
பிடியில் அவள் பெருவிரல் தேய்த்த பள்ளம்,
என் விரலுக்குக் கொஞ்சம் சின்னது.
தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கப் போன
முதல் ஆள் நான்தான்.
ரைட்டர்கூட, நல்ல குடிமகன் என்றார்.

நேற்றுக் கைதச்சக்கைப் பாத்தியோரம்
புற்றைத் தோண்டிப் போட்டிருக்கிறது.
ஐந்து நகமும் சேற்றில் தெளிவாக.
பள்ளத்தில் தண்ணீர் இன்னும் ஊறவில்லை.
யோவேல் வந்து பார்த்தார், கொஞ்ச நேரம் நின்றார்.
"இன்னுமா வாங்கல?"

ரசீது சட்டைப்பையில், பிளாஸ்டிக் கவரில்.
மேல்விளையில் தங்கநேசத்தின் இருமல்.
ஐந்தே முக்கால் பஸ்
வளைவில் ஹாரன் அடிக்கிறது.
ஒரு மரம் பாக்கியிருக்கிறது என்று
அவரிடம் சொல்கிறேன்.