நாற்பத்தொன்றாம் குழாய்

யூமாவில் பிப்ரவரி மழை விட்ட மறுநாள்
ராணிகள் பறக்கும்.
இணைந்து இறங்கிச் சிறகைத் தாமே முறித்துப்போட்டு
ஓடைக்கரைப் பொடிமண்ணில் அலையும்.
ஒரு வயிற்றுப் பிறப்பில்லாத மூன்று கறுப்பு எறும்புகள்
ஒரே குழியைத் தோண்டும்.

அள்ளி வந்து கண்ணாடிக் குழாய்களில் விட்டோம்.
நில்டா முதுகில் பொட்டு வைத்தாள்:
மஞ்சள், நீலம், வெள்ளை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை மயிர்த் தூரிகையால்.
ரோவீனா எண்ணினாள். நான் எழுதினேன்.

ஐந்து வாரம் இருட்டு. இரை இல்லை.
பறந்த தசையைக் கரைத்துப் புழுவுக்கு ஊட்டின.
நீலம் இட்ட முட்டையை
மஞ்சள் நக்கித் துடைத்தது.

அன்பு என்று ஓரத்தில் எழுதியிருந்தேன்.
ரோவீனா அடித்துவிட்டு
பக்கத்துக் குழாயை இணைத்தாள்.
அதில் தனியாய் வளர்த்தவளுக்கு ஏழு பிள்ளைகள்,
இங்கே இருபத்திரண்டு.
விடிவதற்குள் அவள் புழுக்கள் எல்லாம்
இந்தப் பக்கம் வந்துவிட்டன.
"தனியாய் இருந்தவர்களுக்குப் பேத்தி இல்லை,
நாம் எண்ணுவது சேர்ந்தவர்களின் பேத்திகளை" என்றாள்
கையைத் துடைத்தபடி.

பிள்ளைகள் நடமாடத் தொடங்கியபின்
மூவர் எதற்கு?
பிற்பகல் மூன்று பத்துக்கு
மஞ்சள் நீலத்தின் இடுப்பைக் கவ்வியது.
வெள்ளை ஒதுங்கி நின்று
களைத்தது எதுவோ அதைக் கடித்தது.
பிள்ளைகள் விலக்கவில்லை.
செத்ததை விதைத்தோலோடு இழுத்துப் போட்டன,
அது பெற்றவையும்கூட.

நாங்கள் குடியிருந்தது
லெட்டூஸ் வெட்டுகிறவர்கள் விட்டுப்போன டிரெய்லர்.
ஃப்ரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு, தட்டில் டேப், டேப்பில் பெயர்.
மார்ச்சில் டேப் உரிந்து விழுந்தது, யாரும் ஒட்டவில்லை.
நில்டாவுக்குக் காய்ச்சல் கண்ட நான்கு இரவும்
ரோவீனா தரையில் படுத்தாள்.

ஏப்ரலில் கடிதம் வந்தது:
அடுத்த ஆண்டுக்குச் சம்பளம் ஒருவருக்கு.

மறுநாள் காலை ஃப்ரிட்ஜில் புது டேப்.
கையெழுத்து என்னுடையது.

நாற்பத்தொன்றாம் குழாயில் மட்டும்
நீலம் முதல் வாரமே நோயில் போக
மஞ்சளும் வெள்ளையும் மிச்சம்.
பிள்ளைகள் வந்து பத்தொன்பது நாள்.
இன்னும் கடித்துக்கொள்ளவில்லை.
மேற்கே மலையடி மண்ணில் எடுத்தவை,
அதனாலா என்று தெரியாது.
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு
விளக்கை அணைத்தேன்.

கதவுவரை போனவள்
திரும்பி வந்து சிவப்பு விளக்கைப் போட்டேன்.
பஞ்சில் கசிந்த ஒரே சொட்டில்
இரண்டு தலைகள்.
நில்டா எனக்கு முன்பே வந்து
இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.
நகர்ந்து இடம் விட்டாள்.