கோப்பைக்குள் கரண்டி

வரவழைக்கக் கூடாது, போய்ப் பார்க்க வேண்டும்
என்கிறது சட்டம்.
ஆகவே போகிறேன்,
லேயர் நகரிலிருந்து, பேருந்தில்
(என் கார் பட்டறையில்),
மடியில் ஒரு கோப்பு,
அதற்குள் ஒரு பெண்
பதினான்கு பக்கமாக.

ஹில்கே தம்மேனா. வயது அறுபத்தொன்று.
முப்பது ஆண்டு மதகுக் காவல்.
கடல் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும்
அட்டவணை பார்க்காமல் சொன்னவர்.
பிப்ரவரியில் மூளைக்குள் எங்கோ ஒரு கரை உடைந்தது.
வாயில் மிச்சம் ஒரே சொல்:
நைன்.
இல்லைக்கும் வேண்டாமுக்கும் மாட்டேனுக்கும் சேர்த்து
எங்களிடம் இருப்பதே அது ஒன்றுதான்.

வலிக்கிறதா? நைன்.
வலிக்கவில்லையா? நைன்.
மருத்துவர் எழுதியிருக்கிறார்,
விருப்பத்தை வெளிப்படுத்த இயலாதவர் என்று.
பரிசோதனை நேரம்: பன்னிரண்டு நிமிடம்.

எங்கள் நிலவறையில் பழைய கோப்புகள் கிடக்கின்றன.
அந்தக் காலச் சட்டம் சுருக்கமானது.
ஒரு முத்திரை விழுந்தால் போதும்,
ஐம்பது வயது ஆளுக்கு ஏழு வயதாகிவிடும்.
வாக்குச்சீட்டு கிடையாது, கல்யாணம் கிடையாது,
கையெழுத்துப் போட்டால் அது கிறுக்கல்.
புதிய சட்டம் நீளம்.
தேவைப்படும் அளவுக்கு மட்டும் என்கிறது,
அவர் விரும்புகிறபடி என்கிறது.
விருப்பத்தை எங்கே தேடுவது என்பதை
என்னிடம் விட்டுவிட்டது.

தம்பி ஃபோக்கோ கதவைத் திறந்தார்.
வங்கி, வாடகை, வைத்தியம், தபால்
எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கத் தயார்.
படகையும் விற்றுவிடலாம், ஆள் இருக்கிறது என்றார்.
கெட்டவர் இல்லை.
அக்காவின் நகங்களை அவர்தான் வெட்டிவிடுகிறார்,
பிசிறில்லாமல். குறித்துக்கொண்டேன்.
ஆனால் நான் கேள்வியை முடிப்பதற்குள்
ஒவ்வொரு பதிலையும் அவரே சொன்னார்.

தேநீர் கிடைக்குமா என்று கேட்டு
அவரை அடுப்படிக்கு அனுப்பினேன்.

இந்தக் கரையோரத்தில் தேநீருக்கும் ஒரு சட்டம்.
முதலில் கற்கண்டு.
மேலே கொதிக்கக் கொதிக்க ஊற்றும்போது அது முறியும்;
அந்தச் சத்தத்துக்காகப் பேச்சை நிறுத்துவோம்.
ஓரமாய் ஒரு துளி பாலேடு. கலக்கக் கூடாது.
மூன்று கோப்பை உரிமை.
போதும் என்பதை வாயால் சொல்வதில்லை,
கரண்டியைக் கோப்பைக்குள் வைப்போம்.
வைக்காதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஹில்கே இடது கையால் குடித்து முடித்தார்.
இன்னும் கொஞ்சம்?
நைன், என்றது வாய்.
ஃபோக்கோ கூஜாவை நகர்த்திவிட்டார்.
கண்கள் கூஜாவோடு போயின.
கரண்டியோ தட்டில், தொடாமல்.

ஊற்றுங்கள், என்றேன்.

ஃபோக்கோவின் கை நடுங்கி மேசைவிரிப்பில் கொஞ்சம் சிந்தியது.
கரண்டி வழக்கம் அவருக்கும் தெரியும்தான்.
எட்டு மாதமாக அவர் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தார்,
எட்டு மாதமாக அக்காவுக்கு
ஒரே கோப்பை.

வங்கிக் கணக்கைத் தம்பி பார்க்கட்டுமா?
நைன். கரண்டி அசையவில்லை.
தபாலை அவர் பிரிக்கலாமா?
நைன். ஒரு மிடறு குடித்தார்.
படகை?

நைன்.
அதே சொல், அதே சுருதி.
இடது கை மட்டும் தட்டுக்குப் போனது,
கரண்டியை எடுத்தது,
பாதித் தேநீர் மிச்சமிருக்க
கோப்பைக்குள் இறக்கியது.

ஃபோக்கோ ஜன்னலைப் பார்த்தார்.
படகு அங்கிருந்து தெரியாது.

பதிவில் எழுதினேன்:
பணம், தபால், வைத்தியம்: தம்பி.
படகு: நீங்கலாக.
ஆதாரம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
மேல்முறையீட்டில் இதைப் படிக்கப்போகிறவர்
காபி குடிக்கும் ஊர்க்காரராக இருந்தால்?
‘கரண்டி’ என்றே எழுதினேன்.
அடித்தேன். மறுபடி எழுதினேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் கேட்டேன்,
ஆறு மாதம் கழித்து நான் வரலாமா?

நைன், என்றார் ஹில்கே.

மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.
ஃபோக்கோ அதற்குள்
எல்லாவற்றையும் எடுத்துக்
கழுவப் போட்டிருந்தார்.