புள்ளி ஏழு ஒன்று

உலை நின்று ஐந்து நாள்.
உள்ளே இன்னும் சூடு மிச்சம்,
ஆள் எழுந்துபோன படுக்கையைப் போல.
ஆள்துளைக்குள் முதலில் என் விளக்கு,
பிறகு என் தோள்,
பிறகு ஓத்மாரின் வசவு:
அவன் இடுப்பு வருடாவருடம் அங்கேதான் சிக்கும்.

உள்ளே தேன்கூடு.
தேன் இல்லை, தேனீ இல்லை.
டைட்டானியச் சுவர், கொஞ்சம் டங்ஸ்டன்,
உப்புப் போட்ட அளவுக்கு வனேடியம்.
சுண்டுவிரல் நுழையாத சதுரங்கள்;
ஒரு கட்டைக்கு நானூறு,
எண்ணியிருக்கிறேன்.

ஆலை ஓடும் நாட்களில்
நைட்ரஜன் ஆக்சைடும் அம்மோனியாவும்
இங்கேதான் ஒன்றையொன்று பார்க்கின்றன.
தனித்தனியே இரண்டும் கண்ணைக் கரிக்கும்.
வனேடியத்தின் மேல் ஒரு கணம் உட்கார்ந்து எழுந்தால்
சாதுவான நைட்ரஜன், கொஞ்சம் நீராவி.
சேர்த்துவைத்த தரகர் கூலி கேட்பதில்லை,
தான் மாறுவதும் இல்லை என்று
பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது.

அதை எழுதியவர்
இதற்குள் முழங்காலிட்டதில்லை.

சாம்பல் அடைக்கும்.
நிலக்கரியோடு வந்த ஆர்சனிக்
விருந்தாளிக்குப் போட்ட மணையில்
தான் போய் அமர்ந்து எழ மறுக்கும்.
நல்லது செய்யும் நாளிலும் இதே கை
கந்தகத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு
இன்னுமோர் ஆக்சிஜனைக் கொடுத்தனுப்பும்.
அது மிஞ்சிய அம்மோனியாவோடு கூடி
காற்றுச்சூடேற்றியில் பிசினாய் ஒட்டும்.
அதைச் சுரண்டுவதும் நாங்கள்தான்.
மீதிக் கந்தகத்துக்கு
அப்பால் சுண்ணாம்புக் குழம்பில் குளியல்.

ஓத்மாரும் நானும் ஒரே வயது, ஒரே பள்ளத்தாக்கு.
செக் நாட்டின் வடக்கு மூலை.
புகைமூட்டம் கீழே இறங்கி நின்றுவிட்ட ஒரு சனவரியில்
ஏழாம் வகுப்பை மொத்தமாக ரயிலேற்றி
தெற்கே மரமுள்ள ஊருக்கு அனுப்பினார்கள்,
மூன்று வாரம், கணக்குப் பாடத்தோடு.
இங்கேயே இருந்த பெரியவர்களுக்குத்
தனியாக ஒரு படி.
அரசாங்கம் அதற்கு நீளமான பெயர் வைத்தது;
ஊர் கருமாதிக் காசு என்றது.
மலைமுகட்டில் ஸ்ப்ரூஸ் மரங்கள்
நின்றபடியே செத்தன.
காற்றில் கந்தகம் எவ்வளவு என்ற எண்
எவரோ ஒருவரின் இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது.
எங்கள் தொண்டைகள் மட்டும்
அதைத் தோராயமாகப் படித்திருந்தன.

பதினோரு நாள் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது:
புதியது ஒன்று என்றால்
இது புள்ளி ஏழு ஒன்று.

பொறியாளர் ப்ரோகோப் காபி ஊற்றினார்.
"மூணு வருஷத்துல மூடப்போற ஆலை, ஸ்வாதவா.
புள்ளி எட்டுன்னு இருந்தா
யாருக்கும் தூக்கம் கெடாது.
அம்மோனியாவைக் கொஞ்சம் கூட்டிக்கலாம்."
கூட்டினால் சாம்பல் நாறும்,
சிமெண்ட்காரர்கள் லாரியோடு திருப்பி அனுப்புவார்கள்.
அவருக்கும் தெரியும்.
கெட்டவர் அல்ல,
இருநூற்றுப் பத்துப் பேரின் சம்பளத் தாள்
அவர் மேசையில்தான் கிடக்கிறது.

காபியைக் குடித்தேன். நன்றாக இருந்தது.
அறிக்கையில்
காசோலைக்கு எழுதுவதுபோல்
எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன்:
0.71, புள்ளி ஏழு ஒன்று.
புது அடுக்கு வருமா, தெரியாது.
கழுவிப் பார்க்கலாம் என்று பேச்சு.

எனக்கு மறக்காமல் நிற்பது வேறு.
அந்த ஐந்தாம் நாள்,
ஆய்வுக்கு எடுத்த ஒரு மீட்டர்க் கட்டையை
வெளியே பனியில் கிடத்தியிருந்தோம்.
முகமூடியைக் கழற்றினேன்,
செய்யக்கூடாதுதான்,
ஒரு முனையில் குனிந்து ஊதினேன்.
மறுமுனையில் ஓத்மார்
கையுறையை உருவிவிட்டு
உள்ளங்கையை நகர்த்தி நகர்த்தி வைத்தான்.

"இங்க வருது," என்றான்.
"இங்க வருது.
இங்க இல்ல.
இன்னொரு தடவை ஊது."