மூண்டுக்கு ரெண்டு

பேத்தை மீன். ஈரலைக் கழிச்சால் ஒண்டும் செய்யாதெண்டு
வாய்வீரம் பேசினது நான்தான்.
பிலோமினா கை வைக்கேல்லை.

முதல் சொண்டு விறைச்சுது.
பிறகு நாக்கு. பிறகு விரல்நுனி.
மண்டைதீவிலையிருந்து வந்த அம்புலன்ஸ்
பண்ணைப் பாலத்திலை ஏறேக்கை
என்ரை நெஞ்சு என்ரை சொல்லுக் கேக்கேல்லை.
மச்சான் டொமினிக் ரப்பர்ப் பையை அமத்தி அமத்தி
எனக்காக மூச்சு விட்டுக்கொண்டு வந்தான்.
அரைக்கண்ணுக்குள்ளாலை ரெண்டு பக்கமும் பரவைக்கடல்,
பாலத்துக்கு அடியாலை
தன்ரை பாட்டிலை போய் வந்துகொண்டிருந்தது.

பெரியாஸ்பத்திரி. மெஷின் மூச்சு.
இமை தூக்க ஏலாது. காது மட்டும் திறந்தபடி.
கட்டிலைச் சுத்திப் பிள்ளையள் ஆறேழு பேர்,
டொக்டருக்குப் படிக்கிறதுகள்.
பெரிய டொக்டர் சொல்லத் தொடங்கினார்,
நான் அங்கை இல்லாத மாதிரி:

"கலத்துக்கு வெளியாலை சோடியம், கடல் மாதிரி.
உள்ளுக்கை பொட்டாசியம்.
நடுவிலை மென்சவ்வு, எண்ணெய்ப் படலம்.
அதுக்குள்ளாலை உப்புத் தானாய்ப் போகாது,
வாசல் வேணும்.
வாசல் திறந்தால் சோடியம் விழுந்தடிச்சு உள்ளை வரும்.
அந்தப் பாய்ச்சல்தான் நரம்பின்ரை சேதி.
இவருக்கு வாசலெல்லாத்திலயும்
மீன்ரை நஞ்சு அடைச்சுக்கொண்டு நிக்குது."

எனக்குக் களங்கட்டி வலை தெரியும்.
வாயிலை ஒரு பாசித் திரள் செருகினால் காணும்,
வெளியிலை றால் குவிஞ்சு நிண்டாலும்
பட்டிக்குள்ளை ஒண்டும் வராது.
அப்ப, என்ரை விரலுக்கு நான் அனுப்பின சேதியெல்லாம்
எங்கையோ ஒரு வாசலிலை காத்து நிக்குதுகள்.

ஒரு பெட்டை கேட்டாள்: "இவருக்குக் கேக்குமோ சேர்?"
"சந்தேகம். விடியுமட்டும் தாங்கினால் பாப்பம்."

கேட்டுது சேர்.

பம்பைப் பற்றியும் சொன்னவர்.
மூண்டு சோடியத்தை வெளியாலை தள்ளி
ரெண்டு பொட்டாசியத்தை உள்ளை எடுக்குமாம்.
வாசல் பூட்டிக் கிடந்தாலும் அது நிக்காதாம்,
வள்ளத்திலை ஊறுற தண்ணியை
நித்திரைத் தூக்கத்திலயும் இறைக்கிற கை மாதிரி.
இரவிலை எனக்கு வேறை வேலை இல்லை, எண்ணினன்.
மூண்டு போகுது. ரெண்டு வருது.
மூண்டு. ரெண்டு.
எத்தினை கோடிக் கலம்,
ஒவ்வொண்டிலயும் நான் கேக்காமலே
ஆரோ ஒருத்தன் குனிஞ்சு இறைக்கிறான்.

பிலோமினா வந்து முகத்துக்கு மேலை குனிஞ்சு
"விசரா" எண்டாள்.
ஏதோ சொட்டின சத்தம். எங்கை விழுந்ததெண்டு தெரியேல்லை.

விடியப்புறம், அந்த ஏசி அறைக்குள்ளையும் ஒரு நுளம்பு.
இடது கால் பெருவிரலிலை கடிச்சது.
மாதாவே, கடிச்சது தெரிஞ்சுது!

குழாய் கழட்டின அண்டு
கரகரத்த தொண்டையோடை டொக்டரைக் கேட்டன்:
"மூண்டைக் குடுத்து ரெண்டு வாங்கினால்
ஒவ்வொருக்காலும் ஒண்டு துண்டு விழுதே சேர்,
அந்தக் கணக்கை ஆர் நேராக்கிறது?"

அவர் சிரிக்கேல்லை.
எழுதிக்கொண்டிருந்த பேனையை நிப்பாட்டி என்னையே பாத்தார்.
என்ரை கட்டிலுக்கு மேலை தான் சொன்ன மற்றதுகளை
ஒவ்வொண்டாய் நினைச்சுப் பாக்கிறார் எண்டு
முகத்திலை தெரிஞ்சுது.