ஒன்பது, ஒரு புள்ளி

அட்டன் ரயில்வே வீதியில்
உடைந்த போன்களுக்குக் கண்ணாடி ஒட்டுவது என் தொழில்.
பழைய பேனா பார்ப்பது ராத்திரிக் கிறுக்கு.
அது எப்படியோ வெளியே தெரிந்து
இப்போது பகலிலும் ஆள் வருகிறது.

ஜெபநேசன் திரீவீலை அணைக்காமலே உள்ளே வந்தான்.
சீனிப் பைக்குள் ஒரு மருந்துச் சீட்டு,
சீட்டுக்குள் பேனா.
"முப்பத்தொம்பதுல
பெரிய தொரை சண்டைக்குப் போறப்ப
எங்க தாத்தா சவரியானுக்குக் கையில குடுத்தது.
தொரை குடுத்ததுன்னு ஒரு தாள் எழுதித் தாங்க.
கொழும்புல ஒருத்தர் அந்தக் கதைக்கு
ரெட்டை வெலை சொல்றாரு."

நூறு கை பட்டு மழுங்கிய உடம்பு.
கம்பெனி முத்திரை, விரலுக்கு இல்லை, கண்ணுக்கும் இல்லை.
வாயை வைத்து ஊதினேன்.
ஆவி படிந்து கலைகிற அந்த ஒரு நொடியில்
பள்ளத்தில் மட்டும் ஈரம் தங்கி
எழுத்து எழுந்தது:
பெயர். ஊர். நாடு.
பிறகு ஓர் ஒன்பது. அதன் அருகே
ஈ முட்டை அளவில் ஒரு புள்ளி.

மூன்று புள்ளியோடு வருஷம் தொடங்கும்.
காலாண்டு கழியக் கழிய
அச்சிலிருந்து ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுப்பார்கள்.
ஒன்று மிச்சமென்றால்
ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் நடுவே.

"பாத்தீங்களா, ஒம்பது!" என்றான்.

ஒன்பதுதான்.
எந்தப் பத்தின் ஒன்பது என்று கம்பெனி பொறிப்பதில்லை.
இவ்வளவு காலம் கழித்து
ஒருவன் கேட்டுக்கொண்டு வருவான் என்று
அங்கே யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அடி மூடியைத் திருகினேன்.
மை இழுக்கும் தண்டு பிளாஸ்டிக்.
முப்பத்தொன்பதில் அங்கே உலோகம் இருக்க வேண்டும்.

"பின்னாடி மாத்திப் போட்டிருக்கலாமே?"
கெட்டிக்காரன்.
போட்டிருக்கலாம். அதையும் சொன்னேன்.
ஆனால் மரையில் புண் இல்லை,
திறந்த கைகளின் கீறல் ஒன்றும் இல்லை.
என் கணக்கு நாற்பத்தொன்பது, மூன்றாம் காலாண்டு.

மின்சாரம் போனது.
போன் டோர்ச்சை மேசையில் படுக்க வைத்தேன்.
வெளிச்சம் தரையோடு தவழ்ந்து வந்தபோது
முத்திரைக்கு மறுபக்கம்
பல் பட்ட தடம் என்று நான் நினைத்திருந்தவை
நிமிர்ந்து நின்றன:
ஊசியால் இழுத்த கோடுகள்.
நாலு நேராக, ஐந்தாவது குறுக்காக.
அப்படிப் பன்னிரண்டு கட்டு, மேலே ஒன்று.
கடைசிக்கு அப்பால், தமிழில், கோணலாக,
'சவரி'.

துரைமார் தமிழில் பெயர் வெட்டிக் கொடுப்பதில்லை.

"அறுபத்தொண்ணு" என்றேன்.
அவன் பேசவில்லை.
வெளியே போய் எஞ்சினை அணைத்துவிட்டு வந்தான்.

"எங்க டிவிஷன்ல
பிரஜாவுரிமை பாரம் நெரப்பினது தாத்தாதானாம்.
லயம் லயமாப் போயி.
மத்தவங்க கட்டைவிரல வச்சாங்க.
கொஞ்சப் பேருக்குக் கெடைச்சிச்சு.
எங்க வீட்டுக்குக் கெடைக்கல."

நாற்பத்தொன்பது ஓகஸ்டில்தான் அந்தச் சட்டம் அமுலுக்கு வந்தது.
கடல் தாண்டி எங்கோ ஒருவன்
இரண்டாவது புள்ளியைச் சுரண்டி முடித்திருப்பான்.
எந்தக் கடையில், எத்தனை மாதச் சம்பளத்தில்,
யாரிடம் கடன் பட்டு வாங்கியது என்று
முத்திரை சொல்லாது.
நானும் சொல்லவில்லை.

"அந்த ஒத்தைப் புள்ளியும் இல்லாட்டி?"
ஒக்டோபருக்குப் பிறகு.
"அப்பவும் மனு வாங்கினாங்களா?"
ஐம்பத்தொன்று ஓகஸ்ட் வரைக்கும்.
விரல்விட்டு எண்ணினான்.
தவணைக்குள்தான் வந்திருக்கிறது பேனா என்று
நிம்மதிப்பட்டதுபோல் இருந்தது முகம்.

தாளில் எழுதினேன்:
'1949, மூன்றாம் காலாண்டு.
தண்டு அசல் என்றே தோன்றுகிறது.
துரைக்குச் சான்று இல்லை.'
"வெலை?"
பாதி. அதற்கும் கொஞ்சம் கீழே.

விற்பானா என்று கேட்கவில்லை.
முந்நூறு ரூபா கொடுத்தான், நூறைத் திருப்பினேன்.
மருந்துச் சீட்டில் மறுபடி சுற்றும்போது
கோடுகள் இருந்த பக்கத்தை
உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

குளிரில் திரீவீல் உடனே பிடிக்கவில்லை.
ஒன்று. இரண்டு.
மூன்றாவது இழுப்பில்
மல்லியப்பு சந்திப் பக்கமாக இறங்கிப் போனது.