பதினாறு கதவுத் தீவு

நொய்யல் ஏறி வந்த ராத்திரி
எங்கள் லைன் வீடு தீவாச்சு.
பதினாறு கதவு, ரெண்டு கக்கூஸ், ஒரு மொட்டை மாடி.
சுத்தியும் சாயத்தண்ணி.
அன்னைக்கு எந்த நாட்டு ஆர்டரோ,
கருநீலம்.

மாடி ஏறினது முப்பத்தொன்பது பேர்.
வீட்டுக்காரர் கிட்டுசாமி அவினாசியிலிருந்து போனில்,
"மோட்டாரைப் பாத்துக்கங்க."
அதோடு சார்ஜ் தீர்ந்தது.

ஓவர்லாக் வேலாத்தாள்தான் ஆரம்பிச்சாள்:
"தீவுன்னா சட்டம் வேணுமில்லீங்க?"
பனியன் பெட்டி அட்டையைக் கிழிச்சோம்.
பீஸ் எண்ணுகிற மார்க்கர் ஒருத்தர் சட்டைப்பையில் இருந்தது.

மூணு போனஸ் வாங்கினவரே குடி, என்றார் நாச்சிமுத்து.
எழுதினோம்.
அட்வான்ஸ் என்ற சொல் இங்கே செல்லாது.
சாதி கேட்டால் ஒரு ராத்திரி தார்ப்பாய்க்கு வெளியே.
நைட் ஷிப்டு பார்த்துத் தூங்குகிறவரை எழுப்பத்
தீவுக்கே உரிமை இல்லை.
கக்கூஸ் சாவி ஆணியில் தொங்கும்,
யார் இடுப்பிலும் இல்லை.

லக்கிந்தர் ஒடிசாவிலிருந்து வந்து பன்னெண்டு நாள்.
குடியா, விருந்தாளியா?
ஒரு மணி நேரம் கத்தினோம்.
எதுக்குக் கத்துகிறோம் என்று தெரியாமல்
அவன் குண்டா குண்டாவாய்
மழைத்தண்ணி பிடிச்சு வரிசை வெச்சிட்டிருந்தான்.
பேச்சியம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை:
"அவன் தலையையும் எண்ணித்தான் அரிசி போட்ருக்கேன்."

போனஸ் விதியை அடிச்சோம்.
மேலே எழுதினோம்:
உலையில் எண்ணினவரெல்லாம் குடி.
நாச்சிமுத்துதான் எழுதினார், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

நான் ஒண்ணு கேட்டேன்.
பொம்பளை பேருக்குப் பின்னால்
எந்த ஆம்பளை பேரும் வேண்டாம்.
யாரும் மறுக்கலை.
அட்டையில்தான் இடமில்லை.
ஓரத்தில், செங்குத்தாய், நெருக்கி எழுதிக்கொண்டேன்.

மூணாம் நாள் தண்ணி வடிஞ்சு
தீவு கரையோடு சேர்ந்தது.
கிட்டுசாமி செருப்பைக் கையில் பிடிச்சு வந்து
மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார்.
அப்புறம் தேதியைச் சொன்னார், வாடகைத் தேதியை.

நேத்து கேஸ் ஏஜென்சியில் இருப்பிடச் சான்று கேட்டார்கள்.
ஒப்பந்தம்? இல்லைங்க.
ரசீது? தரமாட்டாருங்க.
வீட்டுச் சுவரில் இடுப்பு உசரத்துக்கு
ஒரு கருநீலக் கோடு இருக்கு,
அதைப் பேர்த்து எடுத்தா வர முடியும்?
பையில் கைவிட்டபோது அட்டைதான் தட்டுப்பட்டது.
நீட்டிவிட்டேன்.

"இதெந்த ஊர் சட்டமுங்க?"
பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.
"செல்லாது. அடுத்தது யாரு?"

திருப்பிக் கொடுக்கும் முன்னே
ஓரத்து வரியைப் படிக்க
அந்தப் பெண் தலையைச் சாய்த்தாள்.
தாலிக்கயிறில் ஊக்கு ஒன்று ஆடி நின்றது.