சரிவா, படியா

தியத்தலாவையில் மழை விட்ட பின்னும்
இந்தக் கூரை இரண்டு மணிநேரம் பெய்யும்.
அதற்குக் கீழே, மணல் நிரப்பிய மரத்தட்டில்
ஒரு திமிங்கிலத்தின் தலை.
பாதித் தலை என்பதே சரி.
முன்மூஞ்சி கல்லுடைக்கும் யந்திரத்துக்குள் போயிற்று.

புத்தளத்துச் சுண்ணாம்புக் குழியிலிருந்து
லொறி ஏறி வந்தது.
கடவத்தையில் ஒருமுறை, பெரகலை வளைவில் ஒருமுறை
நிறுத்திக் கயிறு இறுக்கினாராம் விஜேபால.
என்ன சாமான் என்ற பொலிஸ்காரரிடம்
"மீன் மண்டை" என்றிருக்கிறார்.
மீனில்லை என்று திருத்த நான் அங்கே இல்லை.

இந்த மலைக்கு எலும்பு பழக்கமில்லை.
நான் நிற்கும் பாறை வெந்து மடிந்தபோது
உலகத்தில் ஒருவருக்கும் மண்டை கிடையாது.

பழைய சீட்டில் தட்டெழுத்து:
பலீனொப்தெரா. மயோசீன்.
கையொப்பமில்லை.
யாருக்கோ அன்று கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

முதலில் உச்சியைப் பார்க்க வேண்டும்.
திமிங்கிலத்தின் மண்டை, லயத்துக் கூரைத் தகரம்போல்,
ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும்:
மூக்கு பின்னுக்குப் போகப்போக
மேல்தாடை நெற்றிமேல் ஏறும்,
பிடரி முன்னால் தள்ளிக்கொண்டு வரும்,
நடுவில் அகப்பட்ட உச்சி
விரலகலத்துக்கு ஒடுங்கும்.
எது எதன்மேல், எவ்வளவு தூரம்
என்பதில்தான் சொந்தபந்தம் இருக்கிறது.

பிறகு கண்ணுக்கு மேலே உள்ள தட்டு.
நீலத்திமிங்கிலத்தின் வம்சமென்றால்
உச்சியிலிருந்து அது சடாரென்று இறங்கும்,
றோட்டுக்கு வெட்டிய மண்மேடு மாதிரி.
இது அப்படி இறங்கவில்லை.
கண்ணை மூடி விரல் வைத்தேன்.
நாலாம் நம்பர் மலையில் தேயிலை இறங்குவதுபோல்
சாய்ந்து, இன்னும் சாய்ந்து,
விளிம்பு எங்கேயென்று விரலுக்கே தெரியவில்லை.

இடுக்கிமானியால் மூன்றுதடவை அளந்தேன்.
மூன்று தடவையும் வேறு எண்.
கறண்ட் போயிற்று.
கைபேசி வெளிச்சத்தில் நாலாவது எண்.

அப்படியென்றால் சீட்டோதீர் குடும்பமா?
அதற்கு மேல்தாடையின் இரண்டு நுனியும்
மூக்கெலும்பை நெருக்கி ஆப்பாய்க் குவிய வேண்டும்.
குழிக்காரர்களின் துளைக்கம்பி
சரியாக அந்த இடத்தைத்தான் தின்றிருக்கிறது.

காதெலும்பு மிஞ்சியது.
உள்ளங்கையை நிறைக்கும் கெட்டி,
கடலும் கரைக்காத கெட்டி.
அதன் வளைவு வேறொரு கதை சொல்கிறது.
போதாததற்கு, பொருத்துகள் இன்னும் ஒட்டவில்லை.
குட்டி.
குட்டியின் மண்டை எப்போதும்
தன் இனத்தைவிடப் பழையதாய்த் தெரியும்,
பிறந்த பிள்ளை கிழவன்போல் முகம் சுருக்குமே, அப்படி.

வெலிங்டனிலிருந்து பதில் வந்தது:
படங்கள் நன்று. நெற்றி ஒன்று, காது ஒன்று.
எனக்கும் தெரியவில்லை.
அந்தக் கடைசி வரியை
இரண்டுமுறை வாசித்தேன், ஏனோ சந்தோஷமாய்.

"எதையாவது போடு அக்கா," என்கிறாள் பதிவேட்டுத் திலினி.
"பெட்டி வெறுமையாய் இருந்தால் கணினி எடுக்காது."

குடிசனமதிப்புக்கு வந்தவர்
இனம் என்ற பெட்டியில்
என்னைக் கேளாமலே கோடு போட்டார்.
பேனா கீறியது கேட்டது.
அவர் என் நெற்றியையும் பார்க்கவில்லை,
காதையும் பார்க்கவில்லை.

பழைய சீட்டைக் கிழிக்கவில்லை.
அதன் கீழே பென்சிலால் எழுதினேன்:
அண்ணத் துண்டில் குழாய்த் தடங்கள்,
ஆகவே பலீன் வகை, இது நிச்சயம்.
உச்சியிலிருந்து சரிவு, படியில்லை,
ஆகவே பலீனொப்தெரா அல்ல.
குடும்பம்: தெரியாது.

திலினி தன் பெட்டியில் ஒரு புள்ளி தட்டினாள்.
எடுத்துக்கொண்டது.

மணலைக் கொஞ்சம் ஒதுக்கி
தலையை இடப்பக்கம் சரித்து வைத்தேன்.
வலக்காதில் தடவிய பிசின்
இந்தப் பனியில் காய இரண்டு நாளாகும்.